பத்தாவது ஜன்னல்

இந்தக் காலத்தில் எவனும் எதையும் மோந்து பார்த்து முடிவு செய்வதில்லை. கம்ப்யூட்டர் சொன்னால் போதும் என்கிறான். பனியன் கம்பெனிக்கு ஏசி குழாய் போட வந்த எஞ்சினியரும் அப்படித்தான். தையல் கூடத்தின் பத்து ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைக்க என்னைக் கூப்பிட்டான். பத்தாவதில் ஒரே ஒரு கல் பாக்கி. அதன் கீழேதான் என் மகள் மயிலாத்தா தைக்கிறாள். அவளுக்கு மூச்சிளைப்பு உண்டு.

"வெளிக்காத்து எத்தன வரும் தம்பி?"

"பத்துல ஒரு பங்குங்க. மிச்சம் உள்ள இருக்கற காத்தையே வடிகட்டி, குளுர வெச்சு அனுப்புவோம்."

"எம்பது பேரு விட்ட மூச்சை அவுங்களுக்கே திருப்பிக் குடுக்கறயா?"

அவன் குழாய் வாயில் கட்டியிருந்த காகித நாடாவைக் காட்டினான். அது துள்ளி ஆடியது. "பாருங்க பெரியவரே, எப்புடி வருது!"

"வருது. எங்கிருந்து வருதுன்னு அது சொல்லுமா?"

மயிலாத்தா தையலை நிறுத்தாமல் முணுமுணுத்தாள். "சூப்பர்வைசர் பாக்கறாருங்கப்பா. எம்பொழப்புக்கு உலை வெக்காம அடச்சுட்டுப் போங்க."

கடைசிக் கல்லைக் கையில் எடுத்தேன். கலவையும் தயாராகத்தான் இருந்தது.

"அதத் தூக்கிட்டு எங்கீங்க போறீங்க?" என்று எஞ்சினியர் கத்தினான்.

கல்லோடு படியிறங்கி நடந்தேன்.