தூணில்லாத மூலை

"மூலையில தூணு வேணாம் மேடம். கண்ணாடியும் கண்ணாடியும் நேரா சேரணும். ஆனா எந்தப் புயலுக்கும் அசையக் கூடாது."

மதிவதனி பென்சிலைக் கீழே வைத்தாள். ஜன்னல் வடிவமைக்கும் என்ஜினீயராக அவளுக்கு இதுதான் முதல் தனி வேலை. முதல் போணியே இப்படி.

"சார், வூட்டு மூலையிலதான் காத்து கண்ணாடிய வெளிய பிடிச்சு இழுக்கும். ஒரு தூணு இருந்தா எனக்குத் தூக்கம் வரும்."

"தூணு மறைக்கும்மா. செராமிக் ரோடு ரெண்டு பக்கமும் முழுசா தெரியணும்."

எதிரே உட்கார்ந்திருந்த தனக்கோடியை விருத்தாசலத்தில் தெரியாதவர்கள் குறைவு. புயல் என்றால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். அவர் மட்டும் கொட்டும் மழையில் நடுரோட்டில் நின்று யூடியூபில் நேரலை செய்வார்.

"உங்களுக்குத்தான் புயல்னா பயமே கிடையாதே சார்?"

"எனக்கென்னம்மா, நான் வெளிய நிக்கிறவன். வூட்ல என் சம்சாரம் பெரியநாயகி தனியா இருப்பா. அவ பத்திரமா இருக்கணும்ல?"

மதிவதனிக்கு மனம் இளகிவிட்டது. இரட்டைக் கண்ணாடியை ஒன்றாக ஒட்டி, மேலும் கீழும் கான்கிரீட்டுக்குள் இரும்புச் சட்டம் இறக்கி, தேவைக்கு மேலேயே பலமாகச் செய்து கொடுத்தாள்.

வேலை முடிந்த அன்று பெரியநாயகி வந்து, கண்ணாடியின் உள்பக்கம் பெரிதாகச் சந்தனம் தீற்றிக் குங்குமம் வைத்தாள்.

"கண்ணாடி கறையாயிடுங்கக்கா."

"புதுசா ஒண்ணு வந்தா பொட்டு வெக்காம இருக்க முடியுமா? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

கார்த்திகையில் புயல் வந்தது. நல்லூரில் தன் வீட்டில் இருந்த மதிவதனிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடி பிடுங்கிக்கொண்டால் அந்த அக்காவின் கதி என்ன? போன் செய்தாள்.

"அக்கா, ஜன்னல் தாங்குதா?"

"அசையவே இல்லம்மா. அப்புறம் பேசுறேன், கை வேலையா இருக்குது." பின்னால் ஃபேன் இரைந்தது.

மதிவதனிக்கு உயிர் வந்தது. இனி அந்த மனிதர்தான் பாவம் என்று யூடியூபைத் திறந்தாள். தலைமுடி பறக்க, முகத்தில் தண்ணீர் வழியத் தனக்கோடி கத்திக்கொண்டிருந்தார்.

"மக்களே, செராமிக் ரோட்டுல நடுரோட்டுல நிக்கிறேன்! என்னைத் தூக்கிட்டுப் போவுது!"

அவர் காதுக்குப் பக்கத்தில், அந்தப் பேய்மழையில், அந்தரத்தில் துளியும் கரையாமல் நின்றது பெரியநாயகி வைத்த பொட்டு.