வடிகிற கண்

இரண்டு கண்ணிலும் கீழிமைக்குள் ஒவ்வொரு தாள் துண்டைச் செருகிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்காரச் சொன்னாள் நர்ஸ். தாள் எம்மட்டும் நனைகிறது என்று பார்ப்பார்களாம்.

நனையாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டாள் வேலுத்தாய். ஒரு வருடமாக அவள் கண்ணுக்கு வேறு வேலையே இல்லை.

இப்படிச் சும்மா உட்கார்ந்து எத்தனையோ நாளாகிவிட்டது. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் இது சீசன். காலையில் வேன் வந்து ஹாரன் அடித்தால் ஓட வேண்டும், பொழுது சாய்ந்து வந்தால் உலை வைக்க வேண்டும். கண்ணை மூடச் சொன்னதே பெரிய உபகாரமாக இருந்தது.

புருஷன் சீனிச்சாமி டீ குடிக்கப் போயிருந்தார். பிடிவாதமாக விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்ததே அவர்தான். அழுது அழுதே பெண்டாட்டி கண்ணை அவித்துக்கொள்வாளோ என்று அவருக்குப் பயம்.

மகள் பானுப்பிரியா, சிவகாசி அச்சகத்தில் வேலை பார்க்கும் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருடம். அவள் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்றார் சீனிச்சாமி. யாரும் எடுக்கவில்லை.

போன வருடம் வேலுத்தாயின் கண் வடிய ஆரம்பித்தது. திரி செருகும்போது, வேனில் வரும்போது, சோறு தின்னும்போது, நேரம் காலம் கிடையாது.

"இன்னமும் அவளை நினைச்சுத்தான் அழுதுக்கிட்டு இருக்கியாக்கும்" என்று ஒருநாள் கேட்டார். குரலில் பழைய சூடு இல்லை.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் விட்டாள்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழாமலே கிடைக்கிற பாலை யார் வேண்டாம் என்பார்கள்? மனுஷன் அதட்டுவதைக் குறைத்தார். சந்தைக்குப் போனால் அவளுக்குப் பிடித்த கருவாடு வாங்கிவந்தார். போன வாரம், "அது எங்கன இருக்காம் இப்ப" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

பானுவுக்கு எட்டாம் மாதம். அது அவருக்கும் ஊர் சொல்லித் தெரியும். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு கூப்பிடவில்லை என்றால் அந்தப் பிள்ளை மாமியார் வீட்டில் காலத்துக்கும் பேச்சுக் கேட்க வேண்டும். ஒன்பது பிறப்பதற்குள் கூட்டிவந்தாக வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் கண் வடிந்தால் போதும், மனுஷன் இறங்கிவிடுவார் என்று நம்பியிருந்தாள்.

அதனால் ஆஸ்பத்திரிக்கு வரவே அவளுக்கு மனசில்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. டாக்டரம்மா தாள்களை மெதுவாக உருவினார்.

"தாள் நனையவே இல்லையேம்மா. உங்க கண்ணு காஞ்சு கிடக்கு. அதனாலதான் வடியுது."

வேலுத்தாய்க்கு விளங்கவில்லை. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கண்ணில் எப்போதும் ஓர் ஈரம் படிந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உறுத்தும், உறுத்தினால் தண்ணீர் பொங்கும். கரட்டுக் காட்டில் பெய்த மழைபோல அது தங்காது, ஓடிவிடும். கம்பெனித் தூசி ஒரு காரணம், வெக்கைக் காற்று ஒரு காரணம், தீட்டு நின்ற வயசும் ஒரு காரணம். திரி மேலேயே கண்ணை வைத்து இமைக்க மறப்பது இன்னொன்று. நாலு வேளை சொட்டு மருந்து விட வேண்டும். வெந்நீரில் துணி நனைத்து இமைமேல் ஒத்தடம் கொடுக்க வேண்டும். கொஞ்ச நாளில் வடிவது மட்டுப்படும் என்றார்.

அவர் நல்ல சேதியாகத்தான் சொன்னார். வேலுத்தாய்க்கு அது நல்ல சேதியாக இல்லை. வடிந்தது அழுகையே இல்லை என்று தெரிந்தால் சீனிச்சாமி பழையபடி விறைத்துக்கொள்வார். அது போக, பெற்ற மகளுக்கென்று தன் கண்ணில் ஒரு சொட்டுகூட இல்லாமல் போனது அவளுக்கு அசிங்கமாகவும் இருந்தது.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். திரையை ஒட்டிய பெஞ்சில் சீனிச்சாமி உட்கார்ந்திருந்தார். எப்போது திரும்பி வந்தார் என்று தெரியவில்லை.

"என்ன சொன்னாக?"

"அழுது அழுதுதான் இப்படி ஆயிருச்சாம். மனசுல உள்ளதைத் தீர்த்து வச்சாத்தான் நிக்குமாம்."

பொய் சொல்லிப் பழக்கமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

சீனிச்சாமி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வேட்டியில் துடைத்து அவளிடம் நீட்டினார்.

"அந்தப் பிள்ளைக்குப் போடு."

அவள் நம்பரை அழுத்திக் கொடுத்தாள்.

"பானு, அப்பா பேசுறேன்" என்றார். "அம்மாவுக்குக் கண்ணு காஞ்சு போச்சாம்த்தா. நாலு வேளை சொட்டு மருந்து விடணும், ஒத்தடம் குடுக்கணும். நான் எங்கிட்டு விட, எனக்குத்தான் கை நடுங்குதே. வெள்ளிக்கிழமை வந்து உன்னையக் கூட்டியாரேன். கூட இருந்து பாத்துக்க."

முப்பது வருடமாக வெடிமருந்து கலக்குகிற கை. அது நடுங்கி யாரும் பார்த்ததில்லை.

சொட்டு மருந்தைப் பற்றியோ ஒத்தடத்தைப் பற்றியோ வேலுத்தாய் அவரிடம் மூச்சு விட்டிருக்கவில்லை.

போனில் பானு அழுகிற சத்தம் கேட்டது. அவர் போனை வேலுத்தாயின் கையில் வைத்தார்.

"நீ பேசிக்கிட்டிரு. சீட்டைக் குடு, மருந்து வாங்கிட்டு வாரேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.