அடுத்த கட்டிலின் கிருமி

ஜன்னல் வழியாக வரும் காலை வெயில் பக்கத்துப் பெயின்டரின் கட்டிலில் மட்டும் விழுகிறது. அதுகூட அவனுக்குத்தான். கட்டட வேலையில் ஒரே சாரத்திலிருந்து விழுந்தோம், இரண்டு பேருக்கும் முதுகுத்தண்டு போய் நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை, தின்பதும் ஒரே ஆஸ்பத்திரிச் சாப்பாடு. ஆனால் என் குடல் கல்லாகக் கிடக்கிறது, இல்லையென்றால் சொல்லாமல் கொள்ளாமல் படுக்கையை நாறடிக்கிறது. அது ஒரு ஒழுங்குக்கு வராமல் என்னை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். டாக்டரம்மா அவன் வயிற்றைத் தட்டிப் பார்க்கிறார். "முதுகுல அடிபட்டா குடல்ல இருக்கிற நல்ல கிருமியெல்லாம் குறைஞ்சிடும். உங்களுக்குத் திரும்பப் பெருகிடுச்சுன்னு டெஸ்ட்ல தெரியுது, குடலும் ஒழுங்குக்கு வந்திடுச்சு. நாளைக்கு வீட்டுக்குப் போலாம்." கிருமி என்றால் நோய் என்றே நினைத்து வாழ்ந்தவன் நான். இப்போது அடுத்தவன் கிருமியைப் பார்த்து வயிறு எரிகிறது. கிள்ளினால் தெரியாத வயிறு, இதற்கு மட்டும் எரிகிறது.

பெயின்டர் என் பக்கம் திரும்பிக் கண்ணடிக்கிறான். "என்ன மேஸ்திரி, உறை ஊத்தக் கொஞ்சம் தரட்டா?" வார்டே சிரிக்கிறது. என் கால்களைத் துடைத்துக்கொண்டிருக்கும் என் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "விளையாட்டில்ல. ஒருத்தர் குடல் கிருமிய இன்னொருத்தர் குடல்ல சேர்த்துப் பாக்குற ஆராய்ச்சி நடந்துகிட்டுதான் இருக்கு" என்கிறார். என் மனைவியின் சிரிப்பு நிற்கிறது. ஈரத்துணி கையில் சொட்டச் சொட்ட, அவன் வயிற்றையே பார்க்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒருநாளும் அவள் அப்படி ஆசையாகப் பார்த்ததில்லை.