அழாத பிள்ளை

நான்கு வயது மகள் அழ ஆரம்பித்தால் உளவியல் பேராசிரியர் எழுந்து வெளியே போய்விடுவார். சிரித்தால்தான் வந்து தூக்குவார்.

"அழுது பிரயோஜனம் இல்லேன்னு தெரிஞ்சா, அந்தப் பழக்கம் தானா விட்டுப்போயிடும்" என்பார் மனைவியிடம்.

அப்படியே விட்டுப்போனது. "தங்கமான பிள்ளை" என்று அக்கம்பக்கம் மெச்சியது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் காலை, குளிப்பாட்டிய மனைவி அலறினாள். மகளின் கை வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

எக்ஸ்ரேயையும் வீக்கத்தையும் பார்த்த டாக்டர் கேட்டார்: "நேத்தே எலும்பு முறிஞ்சிருக்கே. வலி உயிர் போயிருக்கும். பிள்ளை அழலையா?"

"சாயங்காலம் முழுக்க என் மடியில சிரிச்சுட்டுத்தானே இருந்தா!" என்ற பேராசிரியர் மகளிடம் குனிந்தார். "ஏன் கண்ணு, அப்பாகிட்ட சொல்லல?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நான் அழலப்பா. வெளியே போயிடாதே."

டாக்டரை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.