கழுவாத கல்

மங்கையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவளோடு பாறை ஆய்வுக்குப் போய்வந்த ரெஜினா அந்தக் கல்லைக் கொண்டுவந்தாள். மங்கை கடைசியாக உடைத்தெடுத்தது.

"பழைய எரிமலையோட அடிவயித்துக் கல்லுப்பா," என்றாள் மங்கையின் அப்பா மகாலிங்கத்திடம். "உள்ள இருந்த குழம்பு வெளிய கொட்டினதும் மலை உச்சி அப்படியே உள்வாங்கிடுச்சு. வெளிய வராம தங்கின மிச்சம் ஆழத்துலயே கிடந்து ஆறி இப்படி ஆயிருக்கு. மேல இருந்த மலையெல்லாம் மழையில கரைஞ்சு போச்சு."

கல் வெளிறிக் கிடந்தது. ஈரம் பட்டால்தான் அதன் படிக மணிகள் தெரியும். அது அவருக்கும் தெரியும். எந்தக் கல்லை எடுத்தாலும் மங்கை முதலில் நக்கித்தான் பார்ப்பாள். அவரோ டம்ளரில்கூட உதடு படாமல் அண்ணாந்து குடிக்கிறவர். எச்சில் கல்லை நடுவீட்டில் வைக்காதே என்று ஒருநாள் கத்தினார். அதற்குப் பிறகு அவள் கற்களைக் கொண்டுவரவில்லை. போகப் போக அவளும் வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

"இதையும் நக்கிப் பாத்தாளாம்மா?"

"பாத்தாப்பா. ரொம்ப நேரம் கையிலயே வச்சிருந்தா."

அவர் மனைவி சிவகாமி கல்லை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள்.

"கழுவிடாத," என்றார்.

அவள் திரும்பி வந்து அதை அவர் கையில் கொடுத்தாள். அவர் கல்லை உயரத் தூக்கி, பழக்கத்தில் வாயைத் திறந்து அண்ணாந்தார். அதிலிருந்து எதுவும் விழவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, கையை மெல்ல உதட்டுக்கு இறக்கினார்.