பெஸ்டர் என்ற சொல்

“கேசவன் பண்ணினதுக்குப் பேரு ‘பெஸ்டர்’ இல்லவே இல்லை!” பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார் சத்தியநாதன். தாம்பரத்தில் முப்பது வருஷம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர்.

கார் நிறுத்துமிடத்தில் ஃபிளாட்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். தூணோரம் நின்றிருந்த வாட்ச்மேன் கேசவனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. வேலை போனால் மோட்டார் ரூமை ஒட்டிய ஒண்டு அறையும் போகும். பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அவன் செய்த குற்றம், விடிகாலையில் காலிங்பெல் அடித்தது. “தண்ணி லாரி வெளியே நின்னுகினு கீது சார், காரை கொஞ்சம் எடுங்க” என்று வீடு வீடாகக் கெஞ்சியது. இவர்கள் குண்டி கழுவத்தான் அந்தத் தண்ணீர்.

அதற்காக, எழுதியவர் பேர் போடாமல் ஒரு புகார். “வாட்ச்மேன் தினமும் பெஸ்டர் பண்றானாம், அதான், தொந்தரவு. வேலையை விட்டு எடுக்கணுமாம்” என்று சொல்லிவிட்டு, காகிதத்தை யாரிடமும் காட்டாமல் நான்காக மடித்து வைத்திருந்தாள் செயலாளர் ஷீலா.

“மூணாவது வரியில வருதே, அந்த வார்த்தையே தப்பு” என்றார் சத்தியநாதன். “பழைய பிரெஞ்சுலேர்ந்து வந்தது அது. மேயுற குதிரை ஓடிப்போகாம காலைக் கட்டிவைப்பாங்க பாருங்க, அதுதான் பெஸ்டர். கேசவன் யார் காலையாவது கட்டினானா?”

“எங்க வீட்ல குதிரையும் இல்ல சார், எனக்கு டிபனும் ஆகல” என்றார் ஃபிளாட்காரர் ஷ்யாம்சுந்தர். நாலு பேர் சிரித்தார்கள். சத்தியநாதன் விடவில்லை, பாடம் இருபது நிமிஷம் ஓடியது.

கேசவனுக்குக் குதிரையும் புரியவில்லை, பிரெஞ்சும் புரியவில்லை. படித்தவன் ஒருத்தனாவது நமக்காக வாயைத் திறந்தானே, அது போதும். வாட்ச்மேன் ஆகுமுன் செங்கல் சுமந்து காய்த்துப்போன கைகளைக் கூப்பினான். “உங்க புள்ளகுட்டிங்க நல்லாருக்கணும் சார்.”

ஷீலா காகிதத்தைப் பிரித்தாள். “சாரே தப்புன்னு சொல்லிட்டார். அப்போ இதைக் கிழிச்சுப் போட்டுடறேன்.”

சத்தியநாதன் பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்தார்.

“கிழிக்காதீங்கம்மா! அந்த ஒரு வார்த்தையைத்தான் அவசரத்துல தப்பா எழுதிட்டேன், திருத்தித் தர்றேன்... ஆளை வேலையை விட்டு அனுப்பிடுங்க!”