ஏரிக்கு வராத பறவைகள்

ஏரிக்கரையில் பறவை பார்க்கும் கோபுரத்தில் ஐந்து பேர் மழைக்கோட்டோடு நின்றிருந்தார்கள். குடையோடு வந்தவள் இவள் ஒருத்திதான்.

வடக்கே திரும்பிப் போகிற பறவைகள் மழையில் பறக்க முடியாமல் சேற்றில் இறங்கியிருந்தன. அதைப் பார்க்கத்தான் இந்தக் கூட்டம். குழுத்தலைவரான பல் டாக்டர் தன் பைனாகுலரை அவளிடம் நீட்டினார்.

பார்த்தாள். நூறு பறவைகள் அலகை இறகுக்குள் செருகிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றன. ஒன்றும் தோன்றவில்லை.

கணவர் இறந்து இருபது நாளாகிறது. அன்றிலிருந்தே இப்படித்தான். நாலாம் நாளே ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். கை நடுங்காமல் ஊசி குத்தினாள். கல்லு மாதிரி இருக்கிறாள் என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதில் தப்பில்லை என்றுதான் இவளுக்கும் பட்டது.

ஒன்பது வருடமாக, வசந்தம் வந்துவிட்டால் போதும், ஞாயிறு விடியுமுன் அவர் இந்த ஏரிக்குக் கிளம்பிவிடுவார். இருட்டிய பிறகுதான் வீடு. நீயும் வாயேன் என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இவளும் கேட்டதில்லை. வாரத்தில் அவளுக்குத் தூங்கக் கிடைத்தது அந்த ஒரு நாள்.

கூட நின்று பறவை பார்த்தவர்களுக்குச் சொல்லாமல் விடக்கூடாது, அவருடைய பறவைக் குறிப்பு நோட்டையும் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் வந்தாள். அதை அவள் பிரித்துப் பார்த்ததில்லை.

கணவர் பேரைச் சொன்னதும் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. வேறு கிழமையில் வந்திருப்பார் போல என்று ஒருவர் சமாளித்தார்.

டாக்டர் அவளுடைய குடைக்கடியில் வந்து நோட்டைப் புரட்டினார். சிப்பிபிடிப்பான். கொண்டை ஆலா. தேதி, நேரம், எண்ணிக்கை. அவர் முகம் மலர்ந்தது.

"அருமையா எழுதியிருக்காரும்மா. ஆனா இதெல்லாம் கடற்கரைப் பறவைங்க. இந்த ஏரிப் பக்கமே வராது."

கடல் இங்கிருந்து நான்கு மணி நேரம்.

மழை வலுத்தது. அவர் புரட்டிக்கொண்டே போனார். பாதிப் பக்கங்களில் எழுத்து மாறியிருந்தது. சாய்வாக, பொடிப் பொடியாக. அவளுடைய கணவர் நிமிர்த்தித்தான் எழுதுவார்.

"ரெண்டு பேர் எழுதியிருக்காங்களே. கூடப் போனது யாரும்மா?"

குடைக்கம்பியிலிருந்து ஒரு சொட்டு அந்தப் பொடி எழுத்தின் மேல் விழுந்தது. அது கலைவதற்குள் புறங்கையால் ஒற்றி எடுத்தாள்.

"நான்தான்" என்றாள்.